காந்திமதி அக்கா ஓட்டிப் பார்த்த கார்

செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பெடுக்கக் கிளம்பும்போது போன் வந்தது. "காந்திமதி மேடம் போயிட்டாங்கம்மா." சொன்னவர் டிரைவர் சுடலைமுத்து. சொல்லிவிட்டுப் போனிலேயே அழுதார். ஏன் என்று எங்கள் கல்லூரியில் அன்று இருந்தவர்களுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரிச் செயலாளரை ஏற்றிக்கொண்டு சுடலைமுத்து விக்கிரமசிங்கபுரத்துக்கு ஓட்டிப் போன கல்லூரிக் கார், குறுக்கே வந்த ஆட்டுக்காக ஒதுங்கிப் பாலச்சுவரில் இடித்தது. யாருக்கும் காயமில்லை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது நிர்வாக உத்தரவு. வேகம் காட்டும் முள் அறுபதில் நின்றதைப் பார்த்ததாகச் செயலாளர் சொன்னார். சுடலைமுத்துவின் வேலை போனது.

"எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும் மேடம், அம்பதுக்கு மேல போவல" என்று அவர் காந்திமதி அக்காவிடம் வந்து நின்றார். இயற்பியல் துறையில் மூத்தவரான அக்கா வெறும் ஆறுதல் சொல்லி அவரை அனுப்பிவிடவில்லை. கார் பழுதுபார்க்க நின்ற தச்சநல்லூர் பட்டறைக்கு, அதே துறையில் இளையவளான என்னை அழைத்துப் போனார்.

"அண்ணாச்சி, வண்டிய ஒரு சுத்து ஓட்டிப் பாக்கணும்."

"சோதனைக்கு எப்படியும் ஓட்டணும். நீங்களே ஓட்டுங்க" என்றார் பட்டறைக்காரர்.

மதுரை ரோட்டில் அக்கா முள்ளை அறுபதிலேயே நிறுத்தி ஓட்டினார். நான் ஆய்வகத்து ஸ்டாப்வாட்சோடு கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த வேகத்தில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஒரு நிமிடம் ஆக வேண்டும். ஒன்றேகால் நிமிடம் ஆனது. திரும்பி வரும்போதும் அப்படியே. முள் அறுபது காட்டியபோது கார் ஐம்பதைக்கூடத் தொடவில்லை.

வேலைநீக்கம் பற்றிய விசாரணையில் அக்கா எழுந்து இதைச் சொன்னதும் செயலாளர் முகம் சிவந்தார். "வண்டியத் தொட ஒங்களுக்கு யார் அனுமதி கொடுத்தா? உக்காருங்க."

"சொல்லி முடிச்சிட்டு உக்காருதேன். நம்பிக்கை இல்லேன்னா இப்பமே வாங்க, பக்கத்துல உக்காந்து பாருங்க."

"பொறவு பாப்போம்."

"பொறவுன்னா சுடலைமுத்து பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவா?"

செயலாளர் எழவில்லை. கல்லூரி முதல்வர் எழுந்து எங்களோடு காரில் வந்து, தானே நேரம் பார்த்தார். திரும்பியதும், டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுவாரம் சுடலைமுத்து வேலைக்குத் திரும்பினார்.

துறைத் தலைவர் பதவி மட்டும் அக்காவைத் தாண்டி இளையவருக்குப் போனது. நான் கொதித்தேன். அக்கா சிரித்தார். "ஏளா, அந்த நாற்காலியில உக்காந்து செயலாளருக்குத் தலையாட்டச் சொல்லுதியா? போட்டும்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது துணிச்சல் என்று எழுதினால் பொய். பதவியில் பெரியவர் ஒருவர் தப்பாகச் சொல்ல, கூட்டமே ஆமாம் போடும்போது எனக்கு இன்றும் பயம்தான். ஆனாலும் எழுந்துவிடுகிறேன், அக்கா.