மத்தியானத்தில் எடுத்த சைக்கிள் கணக்கு

உப்பளத்துக்குப் போகிற சாலையில் என் பலசரக்குக் கடை. கடைக்கு முன்னால் ஒரு சைக்கிள் பாதை இருந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்து, லாரி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் நட்டிருந்தார்கள். அரசாங்கம் தனக்கே தெரியாமல் செய்துவிட்ட நல்ல காரியங்களில் அது ஒன்று. தெரிந்த பிறகு விடுவார்களா? துறைமுகத்துக்கு லாரிகள் இன்னும் வேகமாகப் போக வேண்டுமாம், சாலையைச் சீக்கிரம் அகலமாக்க வேண்டுமாம். ஆள் போகாத சைக்கிள் பாதைகளை எடுத்துவிடலாம் என்று புதிதாக ஓர் உத்தரவு வந்தது.

ஆள் போகிறதா என்று எண்ண ஓர் அதிகாரி வந்தார். சரியாக மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. என் கடை நிழலில் நாற்காலி போட்டு, இரண்டு பன்னீர் சோடா குடித்து, மூன்று மணி நேரம் சாலையைப் பார்த்தார். நடுவில் கொஞ்சம் கண்ணையும் மூடிக்கொண்டார். மொத்தம் ஒரே ஒரு சைக்கிள். அதுவும் பஞ்சராகி ஒருவர் தள்ளிக்கொண்டு போனது. அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று என்னிடமே கேட்டார்.

"சார், உப்பளத்து ஆளுக விடியுமுன்ன போயிட்டு, வெயில் ஏறுமுன்ன திரும்பிருவாவ. காலையில அஞ்சு மணிக்கு வாங்க, எண்ணி மாளாது," என்றேன்.

"பாப்போம் அண்ணாச்சி," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

என் பக்கத்து வீட்டுக்காரி உப்பு வாருகிறவள். பாதை வருவதற்கு முன்னால் ஒரு லாரி உரசியதில் அவள் இடது கையில் பிடிப்பு போய்விட்டது. அந்தப் பக்கத்து பிரேக்கை அவளால் அழுத்த முடியாது. அந்தக் கல்வரிசை போனால் மறுபடியும் லாரியை ஒட்டித்தான் ஓட்ட வேண்டும். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. மனு எழுதினேன். அவள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு ஆபீசுக்கும் வந்தாள்.

அதே அதிகாரி. "ஒரு தடவை விடியக்காலம் வந்து பாருங்க சார்," என்று கெஞ்சினேன்.

"அஞ்சு மணிக்கா? அந்த ரோட்டுல லைட்டே கிடையாது அண்ணாச்சி. லாரிக்காரங்க கண்ணுமண்ணு தெரியாம வருவாங்க. எங்க ஸ்டாஃப எப்படி அனுப்புறது? ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

அவள் மனுவை மேசையில் வைத்தாள். "சரிதான் சார். நீங்க வரவேண்டாம். நாங்க போயிக்கிடுதோம்."

அடுத்த வாரம் கல்லைப் பிடுங்கினார்கள். அதையும் பத்திரமாக மத்தியானத்தில்தான் செய்தார்கள். இப்போதெல்லாம் விடியுமுன் அவள் வேலைக்குப் போன பிறகு, பத்து மணிக்குத் திரும்பி வந்து கடை முன்னால் மணியடிக்கிற வரை எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.