கயிற்றுக்கு விலை போட்டிருந்த புத்தகம்

மக்களே, மாமா கொண்டுவந்த அந்தப் பெரிய புத்தகம் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று நீங்கள் இரண்டு பேரும் வருகிறவர்களிடம் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருத்தி சொல்லுவதில் நான் ஓரவஞ்சனை செய்தவன். ஒருத்தன் சொல்லுவதில் நான் ஒன்றும் தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னவன். இரண்டும் சரியில்லை. நடந்ததை எழுதிவைத்துவிடுகிறேன். உங்களை மூத்தவள், சின்னவன் என்றே எழுதுகிறேன். ‘நீ’ என்று எழுதினால் அது யார் என்று அதற்கும் ஒரு சண்டை வரும்.

விளையாட்டு எனக்கு விளங்கினபடி இதுதான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் விளையாடுவது. ஒருத்தர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரன். வீரன் என்ன செய்கிறான் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. சாயங்காலம் ஆனதும் காட்டில் வெகுதூரம் நடந்துவிட்டோம், பசிக்கிறது என்பார்கள்.

நம் வீட்டில் கதை நடத்துவது மூத்தவள். வீரர்கள் சின்னவனும் அவன் வகுப்புத் தோழனான ஒரு மலையாளப் பையனும். சட்டம் என்று இருந்தது நெட்டில் சும்மா கிடைத்த ஒரு சுருக்கம்தான். பழவங்காடியில் கயிறும் வாளியும் விற்கிற என் கடைக்கு அடுத்த போட்டோஸ்டாட்டில் எடுத்து நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஷார்ஜாவிலிருந்து மாமா கூப்பிட்டது. கடைக்குப் பக்கத்துக் கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதி இது:

“அத்தான், பிள்ளைங்க கேட்ட புஸ்தகத்தக் கடையில பாத்தேன். ஒவ்வொண்ணும் அம்மிக்கல்லு கனம் கனக்கு. பெட்டியில ஒண்ணுதான் வைக்க முடியும். ரெண்டாவது வச்சா அக்காவுக்கு உள்ள பால்பொடி வெளிய போவும். எதுன்னு நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மெசேஜ் அனுப்புகாவ, எனக்குத் தல சுத்துகு.”

இங்கேயே கிடைக்காதா என்றால் கிடைக்கும். மாமா கொண்டுவருகிறேன் என்று சொன்ன பிறகு இங்கே வாங்கினால் அது மாமாவுக்குக் குறைச்சல்.

மூத்தவளுக்கு வேண்டியது பூதங்களின் புத்தகம். பக்கத்துக்கு ஒரு பூதம், படத்தோடு. சின்னவனுக்கு வேண்டியது வீரர்களின் புத்தகம். அதில் வீரன் வாங்கக்கூடிய சாமான்களுக்கெல்லாம் விலைப்பட்டியல் உண்டு. தோழன் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னான். முழுக்கதையும் முன்னாலேயே எழுதி அச்சடித்த புத்தகமாம். அவன் சில வாரங்களாகக் கதைக்குள் ஒரு கிணற்றில் விழுந்து கிடந்தான். எழுதிவைத்த கதையில் கிணறு இருக்காது என்று நினைத்திருக்கலாம்.

அப்பா சொன்னால் சரி என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டீர்கள். சின்னவன் போனில் அந்த விலைப்பட்டியலைக் காட்டினான். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஓடும். ஆனால் சாமான்கள் தெரிந்த சாமான்கள். கயிறு, வாளி, சாக்கு, ஏணி, விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய். வாளை விட்டால் பாதிக்குமேல் என் கடையில் இருப்பதுதான். கயிறு ஐம்பது அடி என்று போட்டு ஒரு விலை போட்டிருந்தது. கனம், அதாவது தடிமன், போடவில்லை.

“என்ன கனம் மக்கா?”

“கயிறுப்பா. சும்மா கயிறு.”

“சும்மா கயிறுன்னு ஒண்ணு இல்ல. எடைக்குத்தான் போடணும். இந்தக் கயித்துல ஆடு கட்டலாமா, ஆளு தொங்கலாமா, எப்பிடித் தெரியும்?”

“அப்பா, இது டிராகன் உள்ள புஸ்தகம்!”

கயிற்றிலேயே இப்படி என்றால் டிராகனை எந்த அளவுக்கு நம்புவது என்று எனக்கு யோசனையாக இருந்தது. மூத்தவள் பக்கம் முடிவு செய்துவிட்டேன் என்றே சொல்லலாம். இருந்தாலும் விளையாட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று அந்தச் சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கதை மலைமேல் ஒரு எஸ்டேட்டில் நடந்தது. அங்கே ஒரே ஒரு கடை. கடைக்காரர் ஒரு குள்ளர். தாடி இடுப்புவரைக்கும். அவருக்காக மூத்தவள் குரலை மாற்றிப் பேசினாள்.

“வாங்க வாங்க. என்ன வேணும்?”

“கயிறு. அம்பது அடி,” என்றான் சின்னவன்.

“எதுக்கு?”

“கிணத்துல ஆளு கெடக்கு.”

“ஓ, ஆளு கெடக்கா? அப்ப இருவது பொன்னு.”

“போன வாரம் பத்துன்னீங்க!”

“போன வாரம் ஆளு கெடக்கது எனக்குத் தெரியாதுல்லா. இந்தச் சரக்கு வேற எங்கயும் கிடைக்காது. கிடைச்சா எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

அடுக்களையில் உங்கள் அம்மா சிரித்தாள். இந்தக் குள்ளரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அதுவரை எனக்கும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. விலை சொல்லுவதற்கு முன்னால் அவர் காதைச் சொறிந்துகொள்வார் என்று மூத்தவள் செய்து காட்டினாள். நான் என் கையைக் காதிலிருந்து கீழே இறக்கினேன்.

“பாருங்கப்பா,” என்றான் சின்னவன். “மூஞ்சியப் பாத்து விலை சொல்லுகா. சீட்டிங் அல்லே? அதான் விலை போட்ட புஸ்தகம் வேணும்ங்கேன்.”

“எல்லாக் கடையிலயும் அப்பிடித்தான்டா. வேணும்னா அப்பாட்ட கேளு.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயைக் குடித்தேன்.

“சேச்சீ, ஞான் இன்னும் கிணத்துலதன்னெயா?” என்றான் தோழன் மூத்தவளிடம். அவன் வாயில் முறுக்கு இருந்தது. “அடுத்த சனிக்கிழமையும் இதே மாதிரின்னா கவடியார்ல வேற டீம் விளிக்கிறாங்க, கேட்டோ. நான் அங்க போயிடும்.”

அவன் போனால் விளையாட்டு நின்றுவிடும். ஒரு வீரனை வைத்துக்கொண்டு கதை நடத்த முடியாது. சின்னவனின் முகம் வாடிவிட்டது. மூத்தவள் முகமும்தான், ஆனால் தாடிக்காரர் இறங்கிவர முடியாதாம்.

“கிணத்துல ஆளு கெடக்குன்னு வந்தா கடைக்காரன் விலை சொல்ல மாட்டான் மக்கா,” என்றேன். “கயித்த எடுத்துக் குடுப்பான். மத்தது பொறவு பேசிக்கிடலாம்.”

“இந்தக் குள்ளன் குடுக்க மாட்டான்பா.”

“குடுப்பான்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

நிஜமாகவே தெரியும். ஒரு தடவை நம் கடைக்கே அப்படி ஓடிவந்தார்கள். விழுந்தது பசு. கயிறு கொடுத்தேன். பசு பிழைத்தது. கயிறு கழுவாமல் திரும்பி வந்தது.

மூத்தவள் பகடையை என் கையில் வைத்தாள். “சரி, நீங்களே போடுங்க. பத்துக்கு மேல விழுந்தா அவரு நல்லவரு.”

போட்டேன். இரண்டு விழுந்தது.

“குடுக்கல்ல,” என்றாள்.

மறுநாள் மாமாவைக் கூப்பிட்டு வீரர்களின் புத்தகம் என்று சொன்னேன். கயிற்றின் கனம் போடாத புத்தகம்தான். ஆனாலும் கிணற்றில் ஆள் கிடந்தாலும் கிடக்காவிட்டாலும் அதில் விலை ஒன்றுதான். இதுதான் காரணம், மக்களே. ஓரவஞ்சனை இல்லை, தெரியாத்தனமும் இல்லை.

மூத்தவளிடம் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“விலையெல்லாம் புக்குல இருந்தா அப்பறம் குள்ளருக்கு என்ன வேலைப்பா?” என்றாள். “நான் இனி நடத்தல. அவனே நடத்திக்கிடட்டும்.”

மாமா வரும்வரை அந்த மேஜையில் யாரும் உட்காரவில்லை. தோழனிடம் மட்டும், புத்தகம் வரட்டும், ஒரே ஒரு சனிக்கிழமை பொறு என்று சின்னவன் கெஞ்சி வைத்திருந்தான். ஒரு சனிக்கிழமை, தோழனும் இருக்கையில் மாமா வந்தார். ஒரு துவர்த்துத் துண்டுக்குள் சுற்றியிருந்த புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேஜை ஒரு தடவை ஆடியது. சின்னவன் நேராக அந்தப் பக்கத்தைத் திருப்பினான். கயிறு, ஐம்பது அடி, ஒரு பொன்.

மூத்தவள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் வந்தாள்.

“அப்பா, இது டவுன் விலைதானே?”

“டவுன் விலையாத்தான் இருக்கும்.”

“கீழ விதுராவில உள்ள விலைக்கு மலைமேல போனக்காடு எஸ்டேட்டுல சாமான் கிடைக்குமா? மேல ஏத்த வண்டிக்கூலி வேண்டாமா?”

நான் உண்மையைத்தான் சொன்னேன். “வேணும்.”

“அப்பா!” என்று கத்தினான் சின்னவன்.

மூத்தவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காதைச் சொறிந்துகொண்டாள். “வாங்க வாங்க,” என்றாள். “என்ன வேணும்?”

கயிறு ஒரு பொன், வண்டிக்கூலி ஒரு பொன் என்று பேசி முடிந்தது. தோழன் கிணற்றிலிருந்து மேலே வந்தான். வந்ததும் வாளை உருவிக்கொண்டு முதலில் கடைக்குத்தான் போனான். குள்ளர் அவனுக்கு டீ கொடுத்துச் சமாளித்தார்.

திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும், தெருவில் யாரும் வருவதற்கு முன்னால், ஆள் தொங்கினாலும் தாங்கக்கூடிய கயிற்றில் ஐம்பது அடி அளந்து வெட்டினேன். வளையமாகச் சுற்றினேன். ஒரு அட்டையில் விலை எழுதி அதில் கட்டி, வாசலில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டினேன். நம் கடையில் விலை எழுதித் தொங்கவிட்ட முதல் சாமான் அது. பிறகு அட்டையைத் திரும்பக் கழற்றி, விலைக்குக் கீழே கனத்தையும் எழுதினேன்.