துவாய் சுற்றாத கை

தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்த கிழமை அது. காற்றில் பறந்து வந்த ஒரு வெங்காயச் சருகு என் சின்ன மகள் ஆரணியின் உள்ளங்காலில் ஒட்டியது. நெருப்புச் சுட்டதுபோல் கத்தினாள். சருகை எடுத்த பிறகும் காலைக் கீழே வைக்கவில்லை. பின்னேரம்வரை ஒரு காலைத் தூக்கியபடியே கட்டிலில் இருந்தாள். அவளுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற தம்பியோ தங்கச்சியோ இருக்கலாம். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரணி பிறக்கும்போதே இதயத்தில் துளை இருந்தது (இதயத்தின் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓர் ஓட்டை). பத்து மாதத்தில் கொழும்பில் ஒப்பரேசன் செய்தார்கள். ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, தூசி படாமல் பார்க்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு கிழமை முடிந்தது. எங்களுக்குத் துணிவு வரவில்லை. இன்னும் ஒரு மாதம் என்றோம். பிறகு மாரி முடியட்டும் என்றோம். அப்படியே ஒரு வருடம் போய்விட்டது. அவள் கட்டிலிலும் பாயிலும் நடப்பாள். பாயின் விளிம்பு வந்தால் நின்றுவிடுவாள்.

மூத்தவள் தர்சிகாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தால் வந்து குளிக்காமல் அந்த அறைக்குள் போகக்கூடாது என்று வைத்திருந்தோம். ஒருநாள் தங்கச்சியின் விரலைப் பிடித்ததற்கு அவளை ஏசிவிட்டேன். அன்று பின்னேரமே ஆரணிக்குத் தடிமன் வந்து மூக்கு ஒழுகியது. தன்னால்தான் வந்தது என்று தர்சிகா பல நாள் மனதுக்குள் வைத்திருந்தாள். தடிமன் அவ்வளவு கெதியாகத் தொற்றாது என்று டொக்டர் பிறகு சொன்னார். நீங்களும் அப்படி எதையாவது நினைத்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். பயந்தது நாங்கள். பிழையும் எங்களுடையதுதான்.

நான் புத்தூரில் தோட்டம் செய்பவன். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் செம்மண் இருக்கும். அதனால் இரண்டு கையிலும் துவாய்த் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் ஆரணியைத் தூக்குவேன்.

சருகு ஒட்டிய மறுகிழமை கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். இதயம் நன்றாக இருக்கிறது என்றார் டொக்டர். பழைய காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“ஆறு கிழமை எண்டுதானே எழுதியிருக்கு?”

“ஓம் டொக்டர். கொஞ்சம் கூடிப்போச்சு.”

அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. தொழில்வழிச் சிகிச்சைக்கு (அன்றாட வேலைகளையும் விளையாட்டையும் கொண்டு உடலைப் பழக்கும் முறை) எங்களை அனுப்பினார். அங்கிருந்த மிஸ், ஆரணிக்கு இருப்பது தொடுகைக் கூச்சம் (தோலில் படும் சாதாரணப் பொருளையும் உடம்பு ஆபத்தென்று எடுத்துக்கொள்வது) என்றார். பிள்ளை இதுவரை எதையெதைத் தொட்டிருக்கிறாள் என்று கேட்டார். என் மனைவி யோசித்துச் சொன்னாள்: பெட்சீற், பாய், பாற்போத்தல், ஒரு இறப்பர் வாத்து.

“அப்ப அவவின்ரை உலகத்திலை நாலு சாமான்தான் இருக்கு,” என்றார் மிஸ். “ஐந்தாவதைக் காட்டுவம்.”

மருந்து எழுதித் தரவில்லை. தட்டுகள் வைக்கச் சொன்னார். மஞ்சள் பிரட்டிய அரிசி ஒரு தட்டில். பீற்றூட் சாறு விட்டு அவித்த சவ்வரிசி இன்னொன்றில். கோதுமை மாக்குழம்பு, தேங்காய்த்தும்பு, கடைசியாக எங்கள் செம்மண். ஆரணியைக் கூப்பிடக்கூடாது, கையைப் பிடித்து அமுக்கவே கூடாது. தர்சிகா அவளுக்கு முன்னால் இருந்து தன்பாட்டில் விளையாட வேண்டும்.

“அவவுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரட்டும்,” என்றார் மிஸ்.

வந்தது. மூன்றாம் நாள் ஆரணி பாயின் விளிம்புவரை வந்து, கரண்டியை எட்டிப் பறித்தாள். கரண்டியால் மட்டும்தான் கிண்டினாள். ஒரு கிழமை கழித்து ஒரு விரல் மஞ்சள் அரிசிக்குள் போனது. சவ்வரிசி வழுக்கியதும் அழுதாள். தட்டை எடுத்துவிட்டோம். அடுத்தநாள் திரும்ப வைத்தோம். தர்சிகா வழுவழு, சொரசொர, பிசுபிசு என்று ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை கிளினிக்கில் நான் ஆரணியைத் தூக்கியபோது மிஸ் பார்த்தார்.

“ஐயா, உந்தத் துவாய் என்னத்துக்கு?”

சொன்னேன். அவர் என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். மண்வெட்டி பிடித்த காய்ப்பு, தண்ணீர் மோட்டரை இழுக்கும் கயிறு அறுத்த தழும்பு.

“பிள்ளை உங்களை ஒருக்காலும் தொட்டதில்லை, என்ன? தட்டுகளோடை இதையும் வையுங்கோ.”



அதன் பிறகு பின்னேரங்களில் தோட்டத்தால் வந்து, கையைக் கழுவி, தட்டுகளின் கடைசியில் உள்ளங்கையை மேலே திருப்பி வைத்துக்கொண்டு இருந்தேன். அப்பாவின் கை ஆறாம் தட்டு என்று தர்சிகா பகிடி பண்ணினாள். பல நாள் ஆரணி அந்தப் பக்கமே வரவில்லை. என் சொந்தப் பிள்ளை மாக்குழம்பில் கையை வைத்துவிட்டு என் கையைச் சுற்றிப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது சுகமாக இருக்கவில்லை.

ஒருநாள் மஞ்சள் அரிசியை என் கையில் கொட்டினாள். பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அரிசி முடிந்த பிறகும் அவளுடைய விரல் நின்றது. காய்ப்பின்மேல் ஒருமுறை தேய்த்தாள்.

“அப்பா சொரசொர,” என்றாள்.

துவாய் இப்போது துடைக்கிற துவாயாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் மாறிவிட்டது என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். இன்னும் மழைநாளில் முற்றத்தில் இறங்கமாட்டாள். சட்டையின் பின்கழுத்தில் உறுத்தும் லேபல் துண்டை வெட்டிவிட்டுத்தான் போடுகிறோம்.

போன கிழமை அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மோட்டர் இறைத்துக்கொண்டிருந்தது. வரம்பில் நின்று என் சுட்டுவிரலைப் பிடித்தபடி ஒரு செருப்பைக் கழற்றினாள். பெருவிரலை மட்டும் மண்ணில் வைத்தாள். பிறகு முழுக்காலையும். ஒரு கால் செம்மண்ணில், மற்றது செருப்புக்குள். அப்படியே நின்றாள். பாத்தி நிரம்புகிற கணக்கில்தான் நான் நேரம் பார்ப்பேன். அன்று எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது.

பக்கத்துத் தோட்டத்துச் சிவம் சத்தம் போட்டான். “அண்ணை, நித்திரையோ? தண்ணியெல்லாம் என்ரை பாத்திக்குள்ளை வருது.”

“வரட்டும். கொஞ்சம் பொறு.”

அவன் கோபத்தோடு வந்தான். அவளுடைய காலைப் பார்த்தான். போய் மோட்டரைத் தானே நிற்பாட்டினான்.

ஆரணி குனிந்து மற்றச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிடி என் விரலில் இறுகுவதும் தளர்வதும் தெரிந்தது. இத்தனை வருடம் வேலை செய்து காய்த்த கையால் இவ்வளவு உணர முடியும் என்று எனக்குத் தெரியாது. விரலை அசைக்காமல் நின்றேன்.