செடிக்கு எத்தனை ஷிப்ட்?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. நான் வரைந்த படம் ஒன்று எனக்கே வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. பலமுறை பகிரப்பட்டது என்ற குறி மேலே. ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' கீழே!

அனுப்பியவள் ஜெயந்தி. என்னோடு பள்ளியில் படித்தவள், இப்போது பண்ருட்டியில் இருக்கிறாள். 'உனக்குத்தான் இந்தக் கட்டம், அம்பு எல்லாம் பிடிக்குமே... அதான் அனுப்பினேன்' என்று ஒரு வரி வேறு.

கட்டமும் அம்பும் எனக்குப் பிடிக்கும்தான். அதுதானே எனக்குச் சோறு போடுகிறது! ஒரு கம்பெனியில் ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எங்கே முடிகிறது — இதைக் கேட்டுப் படமாக வரைந்து கொடுப்பது என் தொழில். கம்பெனி சென்னையில். நான் உட்கார்ந்து வரைவது நெய்வேலி குவார்ட்டர்ஸ் டைனிங் டேபிளில். கணவருக்கு மைன்ஸில் வேலை. எங்கள் ப்ளாக்கில் எனக்குப் பெயரே 'பொட்டி போடற மேடம்'.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜெயந்தி அனுப்பிய படத்தில் என்னுடைய இரண்டு கட்டங்களைச் சிவப்பு மையால் யாரோ அடித்திருந்தார்கள். என் படத்தில்! என்னைக் கேட்காமல்!

"என்னம்மா, காலங்காத்தால யார் மேல கோவம்?" என்றார் கணவர்.

"தெரியலை. அதான் கோவமே" என்றேன்.

அது நான் சித்திரை மாதத்தில் சுமதிக்காக வரைந்து கொடுத்த படம். சுமதிக்கு ஊர் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து. அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வாடகை நிலத்தில் மரக்கன்று நர்சரி நடத்துகிறாள். வேம்பு, புங்கன், நாவல். சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரம் நடும் கான்ட்ராக்டர் ஒருவருக்குக் கன்று கொடுப்பதாக ஏற்பாடு. இதற்காகவே, எங்கள் டவுன்ஷிப்பில் பார்த்துக்கொண்டிருந்த கூட்டிப் பெருக்கும் கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டாள். துணிச்சல்காரி.

வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று கேள்வி வந்தபோது, அவர்கள் ரொம்ப யோசிக்கவில்லை.

"எங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாம் மைன்ஸ்லதான்க்கா. எங்களுக்குத் தெரிஞ்சது ஷிப்ட்டுதான்" என்றாள் சுமதி.

ஆகவே ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஜெனரல் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட். ரிலீவர் — அதாவது அடுத்த ஷிப்ட்டுக்காரி — வந்து பொறுப்பேற்காமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. சுரங்கத்தில் இருக்கிற அதே சட்டம். வந்தவள் முதல் வேலையாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பிறகு களை, பிறகு பைகளில் மண் நிரப்புதல்... எனக்குப் பிரமாதமாகப் பட்டது. பெரிய கம்பெனிகளிலேயே இவ்வளவு தெளிவாகச் சொல்ல ஆள் கிடையாது. சொன்னதை அப்படியே வரைந்து கொடுத்தேன். பிரின்ட் எடுத்துக் கொட்டகைக் கம்பத்தில் கட்டினார்கள். சுமதி பெருமையாகத் தன் தங்கைக்கு அனுப்பினாள். தங்கை வேறு யாருக்கோ அனுப்பினாள். அப்புறம் படம் தன்பாட்டுக்கு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது.

சித்திரை, வைகாசியில் கன்றுகள் தளதளவென்று நின்றன. ஆடியில் வானம் மூடத் தொடங்கியது. ஆவணி பிறந்ததும் வேப்பங்கன்றுகள் மஞ்சளடித்துத் தலை தொங்கின. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அந்த வார வெள்ளிக்கிழமை கன்றுகளைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வேண்டாமென்றால் ஆர்டர் போய்விடும். நிலத்துக்காரரோ மனை போட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்... நர்சரியே போய்விடும்.

படம் வந்ததற்கு முந்தின நாள் நான் நர்சரிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரே சண்டை.

செகண்ட் ஷிப்ட் பார்க்கும் ராணி சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "நான் வந்து பாக்கறப்பவே மண்டைய தொங்கப் போட்டுகினு நிக்குது. உங்க ஷிப்ட்டுல ஊத்துனீங்களா இல்லியா? தெனம் நான்தான் ரெண்டு பங்கா ஊத்திகினு இருக்கறேன்!"

"நாங்க ஊத்தாமயா இருக்கறோம்? காலைல வந்து பாத்தா நீ ஊத்துன லட்சணம் தெரியுது. நான்தான் இன்னும் ரெண்டு குடம் சேத்து ஊத்தறேன்" என்றாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் பார்க்கும் சுமதி.

ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதும் சுமதி என்னிடம் கிசுகிசுத்தாள். "அவளுக்கு இன்னாக்கா... வூட்டுக்காரரு மைன்ஸ்ல பெர்மனென்ட்டு. இது போனா அவளுக்கு ஒண்ணுமில்ல. நான் மறுபடியும் தொடப்பத்தத் தூக்கிகினு கான்ட்ராக்ட்டுக்குத்தான் போவணும்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. டவுன்ஷிப்பில் எங்களுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. எது கெட்டுப்போனாலும் முதலில் 'போன ஷிப்ட்'டைத்தான் கை காட்டுவோம். எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட என் கணவர், "யார் அடுப்புல வெச்சது?" என்றுதான் கேட்பார். வைத்தது அவரேதான்.

இப்போது திங்கட்கிழமைக்கு வாருங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெனரல் ஷிப்ட்டிலும் செகண்ட் ஷிப்ட்டிலும் 'தண்ணீர் ஊற்று' என்ற கட்டங்கள்தான் அடிபட்டிருந்தன. பக்கத்தில் யாருடைய கையெழுத்திலோ — 'மண்ணைத் தொட்டுப் பார். ஈரம் இருந்தால் ஊத்தாதே. பை அடியில் ஓட்டை அடைச்சிருக்கா பார்.'

கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. யாரும் சும்மா சிவப்பு மையைத் தேடிப் போவார்களா? இதை அடித்தவர் தோட்டத்திலும் ஏதோ நடந்திருக்கிறது. யார் அவர்?

ஜெயந்தியைக் கூப்பிட்டேன். "எங்க மாடித்தோட்ட குரூப்ல வந்துது" என்றாள். அந்த குரூப் அட்மினைப் பிடித்தேன். அவருக்குக் குறிஞ்சிப்பாடியிலிருக்கும் கொழுந்தியாள் அனுப்பினாளாம். கொழுந்தியாளுக்கு ஒரு சர்ச் மாதர் குழுவிலிருந்து வந்ததாம். வாட்ஸ்அப்பில் ஒரு படம் முன்னே போக ஒரு விரல் போதும். அதன் பின்னாலேயே திரும்பி நடக்க எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. நடுவில் போட்ட காபியைக் குடிக்கவே இல்லை.

கடைசியில் கிடைத்தவர் ஆரோக்கியமேரி. எங்கே இருக்கிறார் என்கிறீர்கள்? வடலூருக்குப் பக்கத்து ஊரில்! இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடக்கூட நேரமிருக்காது. அவரும் மாதர் குழுப் பெண்களோடு நர்சரிதான் நடத்துகிறார்.

"அந்தப் படம் நீங்க போட்டதுங்களா?" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். "நல்லாருந்துச்சுங்க. அடுத்த ஆளு வந்தாதான் இவங்க போவணும்னு போட்டிருந்தீங்களே, அத அப்பிடியே வெச்சுகினோம். ஆடு பூந்து மேயறது நின்னேபோச்சு."

"அப்ப தண்ணி?"

"அதுதாங்க தப்பாப் பூடுச்சு. வெயில் நாள்ல தாங்குச்சு. மானம் மூடிகினு இருக்கறப்ப மூணு தபா ஊத்துனா வேரு அழுவாம இன்னா பண்ணும்? எங்களுது களிமண்ணு வேற, ஆடியிலயே காட்டிக் குடுத்துருச்சு. எல தொங்குனதும் தாகம்னு நெனச்சு இன்னும் ஊத்துனோம். ஒரு வரிச பூரா வேம்பு போச்சுங்க. அப்பறந்தான் சிவப்பு பேனாவ எடுத்தேன்."

ஆடியிலேயே! சுமதியும் ராணியும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம், அதற்கான பதில் பக்கத்து ஊரில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். ஆதங்கம்தான்.

"யாருகிட்டங்க சொல்றது? படத்துல பேரே இல்லியே!"

நியாயம்தானே?

உடனே, நர்சரியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டிருந்த சுமதி, ராணி இருவரையும் ஆரோக்கியமேரியையும் வீடியோ காலில் சேர்த்தேன். ஆரோக்கியமேரி சொல்லச் சொல்ல, ராணி ஒரு வேப்பங்கன்றின் பையைப் பிளேடால் கிழித்தாள். மண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. வேர் நுனி கறுத்திருந்தது. ராணி முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

இருவருமே ஊற்றியிருக்கிறார்கள். அதுதான் பிரச்சினையே.

"நீ ஊத்தலன்னு நெனச்சேன்டி" என்றாள் சுமதி.

"நானும் உன்னத்தான் நெனச்சேன். ஊருக்கெல்லாம் சொல்லிகினு வேற திரிஞ்சேன்" என்றாள் ராணி. சுமதி சிரித்துவிட்டாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். எனக்குத்தான் கண் கலங்கியது.

போனை வைக்கப் போனபோது ஆரோக்கியமேரி கொஞ்சம் தயங்கினார். "கேக்கறேன்னு தப்பா நெனக்காதீங்க. எங்க நாவல் வெத மட்டும் மொளைக்கவே மாட்டேங்குதே... காய வெச்சு, டப்பால போட்டு, பத்திரமாத்தான் வெச்சிருக்கறோம்."

ராணி துள்ளி எழுந்தாள். "அய்யய்யோ, நாவல காய வெக்கக் கூடாதுங்க! பழத்தத் தின்னு துப்புனதும் கழுவிட்டு அன்னிக்கே போட்ரணும். எங்களுது பூரா மொளச்சு நிக்குது, வந்து பாருங்க!" அந்த நர்சரியில் நாவல் முழுக்க ராணி பார்த்து வளர்த்ததாம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். சுமதி அவளைப் பார்த்த பார்வை மாறிப்போயிற்று.

அன்று மதியமே வேலையை ஆரம்பித்தார்கள். அழுகிய கன்றுகளை ஒதுக்கினார்கள். மிச்சப் பைகளின் அடியில் கம்பியால் ஓட்டை போட்டுத் தள்ளித் தள்ளி அடுக்கினார்கள். ஷிப்ட் இருந்தது, ரிலீவர் இருந்தாள். ஆனால் விரலை மண்ணில் வைத்துப் பார்க்காமல் யாரும் குடத்தைத் தொடவில்லை. ராணிக்குக் கை நமநமவென்றதாம். "ஷிப்ட்டுக்கு வந்துட்டு தண்ணி ஊத்தாம வூட்டுக்குப் போனா சம்பளம் வாங்கிகினு ஏமாத்தற மாதிரி இருக்குதுக்கா!"

வெள்ளிக்கிழமை எனக்கு ஆபீஸ் மீட்டிங். ஒரு காதில்தான் மீட்டிங். எங்கள் கம்பெனியில் இப்படி வரைந்த படங்கள் சர்வரில் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. யாராவது எடுத்துப் பயன்படுத்துகிறார்களா? ஊஹூம். எல்லோரும் முதலிலிருந்து புதிதாக வரைகிறோம். ஏனென்றால் படம் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை. இதை யார் வரைந்தது, யார் எடுத்துப் பார்த்தது, எந்தக் கட்டம் அவர்களுக்குக் காலை வாரியது... எதுவும் தெரியாது. தெரியாதவர் சமையலை நம்பி எப்படிக் கை நனைப்பது? ஃபேஸ்புக்கில் இட்லிப் படத்துக்குக் கீழேகூட நூறு பேர் வந்து பேசுகிறார்கள். வேலை செய்யும் முறைக்குக் கீழே மட்டும் ஏன் ஒருவரும் பேசுவதில்லை? ஒவ்வொரு படத்துக்கும் கீழே அப்படிப் பேச இடம் வைப்போம் என்று மீட்டிங்கில் சொன்னேன்.

"வெரி குட் ஐடியா. இதையே ஒரு படமா வரைஞ்சு அனுப்புங்க" என்றார் மேனேஜர். திருந்த மாட்டார்கள்.

சாயங்காலம் சுமதியின் போன் வந்தது. முதலில் அழுகைதான் கேட்டது.

"எடுத்துகினாங்கக்கா!" என்றாள்.

புங்கன் தண்ணீருக்கெல்லாம் அசரவில்லை போலிருக்கிறது. அதையும் நாவலையும் சூப்பர்வைசர் அப்படியே எடுத்துக்கொண்டார். வேம்பில் இரண்டு வரிசை வேண்டாமென்றார். மிச்ச வேம்பை மழைக்காலம் முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நடந்ததையெல்லாம் சுமதி ஒளிக்காமல் அவரிடம் சொல்லிவிட்டாளாம். அவர் சிவப்பு மை அடித்த படத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, "இன்னொரு நர்சரிலயும் இதே மஞ்சள்தாம்மா, அவங்களுக்கும் காட்டறேன்" என்றாராம்.

"பேரு போட்டு அனுப்பச் சொன்னியா?" என்றேன் அவசரமாக.

"அத சொல்லாமயா வுடுவேன்!" என்றாள். அழுகையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. துடைப்பத்தைத் தூக்கப் போக வேண்டியதில்லை அவள்.

இப்போது நாங்கள் ஒரு குரூப் தொடங்கியிருக்கிறோம். பூ, தத்துவம், காலை வணக்கம் எதுவும் கூடாது. போட்டால் ராணி வெளியே தள்ளிவிடுவாள். படத்தின் கீழே வரைந்தவர் பெயரும் ஊரும் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்று திரும்பி வந்து எழுதிவிட வேண்டும். கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் கறையானுக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். தினம் ஒரு புதுப் பெயர் ஏறுகிறது. என் படம் இப்போது பார்க்கவே அலங்கோலமாக இருக்கிறது. எனக்குப் பரம திருப்தி!

நல்ல செய்முறை எங்கே கண்ணில் பட்டாலும் தாராளமாகத் திருடிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று — செடி பிழைத்தாலும் செத்தாலும், திருடிய வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்!