அண்ணன் அடித்த மருந்து

தையல் வேலையை உதறிவிட்டு இயற்கைப் பண்ணை தொடங்கியவள் அவள். விளைச்சலில் பங்கு கேட்டுச் சில குடும்பங்கள் சேர்ந்திருந்தன. முதல் நடவன்று நாற்றுக் கொட்டகையைத் திறந்ததும் மருந்து நெடி குப்பென்று அடித்தது.

"ஒரே பூச்சிம்மா. நேத்து நான்தான் மருந்தடிச்சேன்" என்றான் அண்ணன், பெருமையாக.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தக்காளி நாற்றுகள் பச்சைப்பசேலென்று நின்றன. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நடவுக்கு வந்த குடும்பங்கள் வாசலில் காத்திருந்தன.

"இதை நட முடியாதுங்க, மருந்து பட்டுடுச்சு" என்றாள்.

"அப்ப தக்காளி?" என்றார், பங்கு சேர்ந்திருந்த பஸ் டிரைவர் ஒருவர்.

"இந்தத் தடவை கிடையாது. கீரைதான்."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, பாத்தி எங்க போடணும்?"

அவள் பாத்தி போட வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு, கீரை விதைப் பையை அவிழ்த்தாள்.