கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓமலூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். சரித்திர வாத்தியார், கணக்கு எனக்கு ஆகாது. எங்களைப் போன்ற தலைமையாசிரியர்களுக்கு அஸ்தம்பட்டியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். கணக்குப் பாடம் நன்றாக நடக்க வேண்டுமானால் வகுப்பில் போய் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்றார்கள். இதைச் சொல்ல ஒரு பயிற்சியா என்ற எரிச்சலோடுதான் ஊருக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் பாடி முடிக்கவே நேரமாயிற்று. டீச்சர் கேட்டதற்கெல்லாம் எல்லாக் கையும் உயர்ந்தது. அது போன வாரமே நடத்தி முடித்த பாடம்! இன்ஸ்பெக்டர் வந்தால் நானும் அதைத்தான் செய்வேன். என்னிடமேவா?

விடவில்லை, தினமும் போனேன். பழைய பாடமெல்லாம் தீர்ந்து, டீச்சர் வேறு வழியில்லாமல் பின்னத்தைப் புதிதாகத் தொடங்கினார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று போர்டில் எழுதினாள் ஒரு பெண். தப்பென்று எனக்கே தெரிந்தது. நாக்கு துடித்தது. டீச்சர் அதை அழிக்கவில்லை.

"எப்படிப் போட்டே, சொல்லு சாமி" என்றார்.

"அரையோட கூட்டினா அரையை விட எப்படிங்க டீச்சர் கொறையும்?" என்று ஒருவன் கத்த, வகுப்பே சண்டையில் இறங்கியது. என்னதான் முடிவு என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

பக்கத்திலிருந்த பையன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "தள்ளிக்குங்க சார், போர்டு மறைக்குதுங்க."

தள்ளி உட்கார்ந்தேன்.