எஸ்தர் அக்காவைத் தெரு வழியே கொண்டுபோனோம்

திருத்துறைப்பூண்டியில் சங்கக் கூட்டத்துக்குத் தட்டி கட்டிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. “எஸ்தர் அக்கா போயிட்டாங்க” என்றார் சைக்கிளில் வந்த தோழர். மஞ்சள்காமாலை இத்தனை சீக்கிரம் கொண்டுபோகும் என்று நினைக்கவில்லை. தட்டியை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பெண்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் எஸ்தர் அக்கா. நடவில் கை ஒன்றுபோல ஓட ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அக்கா எடுப்பது எப்போதும் தேவாலயத்து ஞானப்பாட்டுத்தான்.

நானோ கறுப்புச் சட்டைக்காரர் மகள். “கூலி கேக்குற எடத்துல சாமி பாட்டு எதுக்குக்கா?” என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

அக்கா நாற்றுமுடியைப் பிரித்தபடியே, “சாமி வேணாம்னா விட்டுடு. பாட்ட ஏண்டி விடுற?” என்றார்.

பிறகு கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்தோம். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் மறித்த எங்களைப் போலீஸ் அள்ளிப்போனது. லாக்கப்பில் பெண்கள் அழுதார்கள். அக்கா பாடினார்.

“நிறுத்தும்மா!” என்று ஏட்டு அதட்டினார்.

“கதவத் தொறங்க, நிறுத்துறேன்.”

நான் கொள்கைப் பிடிப்போடு வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பாட்டில் எனக்கும் தெம்பு வந்தது என்பதே உண்மை.

அடக்கத்தன்று சவப்பெட்டியை மிராசுதார் தெருமுனையில் அவருடைய காரியஸ்தர் மறித்தார். எங்கள் சேரி ஆட்கள் உயிரோடோ பிணமாகவோ அந்தத் தெருவில் கால்வைக்கக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. சென்னைக் கோட்டையில் எங்கள் கட்சி ஆட்சி வந்தும் அந்தத் தெருவில் மிராசு ஆட்சிதான்.

“வழக்கம்போல வரப்பால கொண்டுபோங்க” என்றார்.

வரப்பு சேறாகிக் கிடந்தது. பாதிரியார் தயங்கினார். பெட்டியைத் தூக்கியவர்கள் என்னைப் பார்த்தார்கள். அக்காவைச் சேற்றில் இழுத்துப்போக எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் நடவில் எடுக்கும் பாட்டை நான் எடுத்தேன். ராகம் கோணிக்கொண்டு போயிற்று. பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். நடவில் பின்னோக்கியே நகர்ந்து பழகிய நாங்கள், அன்று பாடியபடி முன்னோக்கி நடந்தோம். அத்தனை பேரைக் கண்ட காரியஸ்தர் ஒதுங்கிக்கொண்டார்.

அதுவரை வராத அழுகை அங்கேதான் வந்தது, கூடவே ஆறுதலும். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, வரப்போவதும் இல்லை. ஆனாலும் உலைவைக்கும்போதுகூட அந்த ஞானப்பாட்டுகளைத்தான் முணுமுணுக்கிறேன். தோழர்கள் கேலி செய்கிறார்கள். செய்துகொள்ளட்டும்; என் துக்கத்துக்கு எது மருந்து என்று எனக்குத் தெரியும்.

போய்வாருங்கள், அக்கா. அந்தத் தெருவில் போக நாங்கள் சாகும்வரை காத்திருக்கப் போவதில்லை. நாளைக் காலை நடவுக்கு அந்த வழியாகத்தான் போகிறோம்.